சாக்

ஸ்காபரோ வீடுகளில் ஆர்கோனாட்ஸ் அணியின் கனடிய ஃபுட்பால் ஆட்டம் ஓடும்போது கேட்கும் சொல். பந்தை எறியுமுன் குவார்ட்டர்பேக்கை, ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னாலேயே விழுத்துவதுதான் சாக். 1960களில் இதைப் பரப்பியவர் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் வீரர் டீக்கன் ஜோன்ஸ். நகரைச் சூறையாடுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. கொள்ளையை அள்ளிப்போட்ட பையிலிருந்து பிறந்தது. ஐரோப்பியர் வழி வந்த நம் அரிசிச் சாக்கும் அதே குடும்பம்தான்!

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் இதை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல். ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் வெளிப்புற லைன்பேக்கரின் மவுசு ஏறிய காலமும் அதுவே: நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் 1986இல் எடுத்தது 20.5 சாக். (இருவர் சேர்ந்து விழுத்தினால் ஆளுக்கு அரை.) கனடாவில் தடுப்பணி பந்திலிருந்து ஒரு யார் தள்ளி நிற்கவேண்டும், ஆகவே பாய்பவருக்கு இங்கே ஓட்டம் கூடுதல்.