எம்.டி.ராமநாதன் நிஜமாகவே இவ்வளவு மெதுவாகத்தான் பாடினாரா? பழைய டேப்புகள் சொல்வதும் மாற்றுவதும்

யூடியூபில் எம்.டி.ராமநாதன் என்று தேடினால் மணிக்கணக்கில் கச்சேரிகள் வந்து விழும். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கச்சேரியின் இரண்டு நகல்கள் இரண்டு சுருதியில் ஒலிக்கலாம். ஒன்றில் குரல் கிணற்றின் அடியிலிருந்து வருவது போல இருக்கும். இன்னொன்றில் கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் அவசரமாக இருக்கும். இதில் எது அவர் பாடியது?

வேறு பாடகராக இருந்தால் இதைப் பெரிசா எடுத்துக்க வேண்டியதில்லை. எம்.டி.ஆருக்கு அடையாளமே இரண்டுதான்: அடிக்குரல், நிதானம். டேப் ஓடும் வேகம் மாறினால் இரண்டும் சேர்ந்தே கெட்டுப்போகும்.

யார் இந்த எம்.டி.ஆர்?

1923-ல் பாலக்காடு பக்கம் மஞ்சப்ராவில் பிறந்தவர். அப்பா தேவேச பாகவதரும் இசைக்காரர்தான். விக்டோரியா கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பாட்டு கற்க மெட்ராஸ் வந்தார். அடையாறில் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் சேர்ந்தார். அதன்பிறகு குருவை விடவே இல்லை. தானே இயற்றிய கீர்த்தனைகளில் 'வரததாச' என்று முத்திரை வைத்தது அதனால்தான். படித்த கலாக்ஷேத்ராவிலேயே ஆசிரியராகிப் பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்தார்.

மேற்கத்திய இசையில் ஆண் குரலை டெனார், பாரிட்டோன், பாஸ் என்று உயரம் பார்த்துப் பிரிப்பார்கள். ரஷ்யாவின் ஷாலியாபின் போன்ற கனத்த குரல்காரர்களுக்கு ஆபரா மேடையில் தனி வேஷங்களே இருந்தன. நம்ம கச்சேரி மேடையில் அப்படிப் பிரிவு கிடையாது. 'எத்தனை கட்டை?' என்று கேட்பதோடு சரி. கட்டை ஏறினால்தான் கைதட்டல் என்றிருந்த காலத்தில், ஒரு கட்டைக்கும் கீழே சுருதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் எம்.டி.ஆர்.

சபாக்காரர்கள் எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. ஆமை வேகம் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. பாதியில் எழுந்து கேன்டீன் பக்கம் போனவர்களும் உண்டு. 1974-ல் பத்மஸ்ரீ வந்தது, சங்கீத நாடக அகாடமி விருதும் வந்தது. ஆனால் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் வரவே இல்லை. ரசிகர்கள் இன்னமும் அதைச் சொல்லிக் குறைப்படுகிறார்கள், நியாயமாகத்தான். 1984 ஏப்ரலில் அவர் காலமானார்.

அவருக்கு ஏன் இவ்வளவு ரசிகர் டேப்புகள்?

பழைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் இடம். பல்லவியின் முதல் வரியையே எம்.டி.ஆர் அவ்வளவு நேரம் பாடுவார். எல்.பி. தட்டு வந்த பிறகும் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். ஹிந்தோளத்தில் 'சாமஜ வரகமனா'வை அவர் விரித்துப் பாடும் முறைக்கு இதெல்லாம் போதாது.

அதனால் அவரைத் தெரிந்துகொள்ள இன்று உதவுவது பெரும்பாலும் வானொலி ஒலிப்பதிவுகளும், ரசிகர்கள் சபாவுக்கோ கல்யாண வீட்டுக்கோ ஸ்பூல் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிடித்த டேப்புகளும்தான். ரீதிகௌளையில் 'ஜனனி நின்னுவினா', அவரே இயற்றிய பாகேஸ்ரீ ராகக் கீர்த்தனை 'சாகர சயன விபோ' எல்லாம் வீட்டுக்கு வீடு நகலாகித்தான் பரவின. அவர் மறைந்த பிறகு பிறந்த தலைமுறை அவரைக் கொண்டாடுவதற்கு இந்த டேப்புகளே காரணம்.

டேப் வேகம் எப்படி மாறும்?

ஏழு அங்குல ஸ்பூலில் பொதுவாக 1,200 அடி டேப் இருக்கும். விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடினால் ஒரு பக்கம் 32 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பாதி வேகத்தில் 64 நிமிடம் வரும். கச்சேரியோ மூன்று மணி நேரம், டேப் விலையும் அதிகம். எனவே பலர் மெதுவான வேகத்தில்தான் பதிவு செய்தார்கள். ஸ்பூல் மாற்றும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்துப் பாட்டு போனது போனதுதான்.

பதிவு செய்யும்போது மெஷின் கொஞ்சம் மந்தமாக ஓடியிருந்தால் (தளர்ந்த பெல்ட், குறைந்த வோல்டேஜ், பழசான பேட்டரி, ஏதோ ஒன்று), அதைச் சரியான வேகத்தில் போடும்போது பாட்டு வேகமாக வரும். பிறகு அது கேசட்டாகி, கேசட்டுக்கு இன்னொரு கேசட்டாகி, கடைசியில் எம்.பி.3 ஆகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சம் பிசகும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 6 சதவீதம் வேகம் கூடினால் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும். 10 நிமிடப் பாட்டு 9 நிமிடம் 26 விநாடியில் முடிந்துவிடும். கேட்பவருக்கு 'எம்.டி.ஆர் அப்படி ஒன்றும் மெதுவாகப் பாடவில்லையே' என்று தோன்றும். எதிர்ப்பக்கமும் நடக்கும். டேப் இழுத்துக்கொண்டு ஓடினால், மனிதர் பாடாத அளவுக்கு மெதுவாகி, கிண்டலுக்குத் தீனி கிடைக்கும். அவர் பாட்டை எடைபோடுகிறவர்கள் பல நேரம் மெஷினைத்தான் எடைபோடுகிறார்கள்.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ட்யூனர் ஆப்பை வைத்துத் தம்புரா சுருதியைப் பாருங்கள். எம்.டி.ஆர் பதிவு ஒரு கட்டைக்கு மேலே காட்டினால் சந்தேகப்படலாம்.

இன்னொரு வழி சுவாரசியமானது. பழைய பதிவுகளில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓடும். அது கரண்ட் இரைச்சல். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நகலில் அந்த இரைச்சல் 53 என்று வந்தால் டேப் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. மின்சார அலைவரிசையே கொஞ்சம் ஏறி இறங்கும். நகல் எடுத்த மெஷினின் இரைச்சலும் மேலே படிந்திருக்கும்.

மொபைலில் கேட்டால் என்ன இழப்பு?

ஒரு கட்டை சுருதியில் ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே மந்தர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். எம்.டி.ஆர் இதற்கும் கீழே இறங்குவார். மொபைலின் குட்டி ஸ்பீக்கருக்கு அவ்வளவு ஆழம் வராது. மேலே உள்ள துணை ஒலிகளை வைத்து நம் மூளையே அடிஸ்வரத்தை ஊகித்துக்கொள்கிறது. அதனால் பாட்டு புரியும், குரலின் கனம் மட்டும் காணாமல் போகும். சாதாரண இயர்போன் மாட்டினாலே வித்தியாசம் தெரியும்.

இந்தப் பதிவுகள் யாருக்குச் சொந்தம்?

வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கு இந்தியாவில் காப்புரிமை 60 ஆண்டு. 1965-ல் வந்த தட்டு என்றால் 2025 முடியும் வரை. வெளியிடப்படாத வீட்டு டேப்பின் கதை வேறு, அதில் சிக்கல் அதிகம். நேற்று வரை இருந்த வீடியோ திடீரென்று காணாமல் போனால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பரணில் ஸ்பூல் இருந்தால் என்ன செய்வது?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் தனி வீடுகள் இடிந்து ஃபிளாட் ஆகும்போது பழைய ஸ்பூல்களும் குப்பையோடு போகும் ஆபத்து இருக்கிறது. கடற்காற்றும் ஈரமும் வேறு, டேப்பில் பூஞ்சை பிடிக்கும். கைக்குக் கிடைத்தால் உடனே பழைய மெஷினில் மாட்டிப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் டேப்பில் பூச்சு உரிந்துவிடும், உரிந்தால் பாட்டும் போச்சு. அட்டைப்பெட்டியில் பேனாவால் எழுதியிருக்கும் தேதி, இடம், பக்கவாத்தியக்காரர் பெயர் எல்லாவற்றையும் முதலில் போட்டோ எடுத்து வையுங்கள். டிஜிட்டல் ஆக்க விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று கேளுங்கள். இரைச்சல் நீக்காத, வேகம் திருத்தாத மூல நகல் ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரண்ட் இரைச்சலைத் துடைத்துவிட்டால், வேகத்தைக் கண்டுபிடிக்க இருந்த ஒரு துப்பும் அதோடு போய்விடும்.