ஃபார்லீஸ் இல்லமும் லீ மில்லர் அம்மையாரும்

வரலாற்றுச் சின்னங்கள் என்றவுடன் மன்னர்தம் கோட்டைகளும் கோபுரங்களும் வெற்றித் தூண்களுமே நம் நினைவில் எழுகின்றன. ஓர் எளிய பண்ணை வீடும் வரலாற்றின் கருவூலமாக விளங்குதல் கூடும். அதற்குச் சான்றாக நிற்பது இங்கிலாந்து நாட்டின் ஃபார்லீஸ் இல்லம். கிழக்கு சசெக்ஸ் பகுதியில், சிடிங்லி என்னும் ஊரைச் சார்ந்த மடில்ஸ் கிரீன் என்ற சிற்றூரில் அது அமைந்துள்ளது. சுற்றிலும் பசும்புல் வெளிகள். தொலைவில் சுண்ணாம்புக் குன்றுகள். வழிப்போக்கர் எவரும் அதனைச் செங்கல்லால் ஆன ஒரு குடியானவர் வீடு என்றே எண்ணிக் கடந்து செல்வர்.

1949ஆம் ஆண்டில் இவ்வில்லத்தைத் தமதாக்கிக் கொண்டவர்கள் ரோலண்ட் பென்ரோஸ் என்னும் ஓவியரும், அவர்தம் துணைவியார் லீ மில்லர் அம்மையாரும் ஆவர். அம்மையார் அமெரிக்க நாட்டில், நியூயார்க் மாநிலத்துப் பொகீப்ஸி நகரில் 1907ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் 'வோக்' என்னும் புகழ்பெற்ற இதழின் அட்டையை அணி செய்த அழகியாக விளங்கினார். ஆயினும் பிறர் எடுக்கும் படத்தில் தோன்றுவதோடு அவர் மனம் நிறைவு கொள்ளவில்லை. 1929ஆம் ஆண்டில் பாரிஸ் நகரம் சென்று, மான் ரே என்னும் கலைஞரிடம் புகைப்படக் கலையைப் பயின்று, தாமே ஒரு கலைஞரானார்.

இரண்டாம் உலகப் பெரும்போர் மூண்ட காலத்தில் அம்மையார் இலண்டன் மாநகரில் இருந்தார். ஜெர்மானிய விமானங்கள் குண்டு மாரி பொழிந்த நாட்களில், இடிந்த தெருக்களையும் அவற்றினிடையே கலங்காது கடமையாற்றிய மக்களையும் படம் பிடித்தார். 1942ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் படையின் போர்க்கள நிருபராக ஏற்பளிக்கப் பெற்றார். பெண்டிர் போர்முனைக்குச் செல்லலாகாது என்பது அந்நாளைய விதி. 1944ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சு நாட்டின் செயின்ட் மாலோ துறைமுக நகருக்கு அவர் அனுப்பப்பட்டபோது, அங்கே போர் இன்னும் முடியவில்லை. அம்மையார் பின்வாங்கவில்லை. முற்றுகையின் நடுவே நின்று படம் எடுத்தார், செய்தியும் எழுதினார். விதியை மீறியமைக்காகச் சில நாட்கள் காவலிலும் வைக்கப்பட்டார்.

1945ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் கண்டவை மனித குலம் தலைகுனியத் தக்கவை. புச்சென்வால்ட், டக்காவ் ஆகிய நாஜி வதை முகாம்களின் கதவுகள் திறக்கப்பட்டபோது, அங்கே குவிந்து கிடந்த பிணங்களையும் எலும்பும் தோலுமாய் எஞ்சியிருந்த உயிர்களையும் அவருடைய காமிரா பதிவு செய்தது. இவை உண்மையே, நம்புங்கள் என்று மன்றாடித் தம் பத்திரிகைக்குத் தந்தி கொடுத்தார். ஏப்ரல் 30ஆம் நாள் டக்காவ் முகாமைக் கண்ட பின்னர், மியூனிக் நகரில் ஹிட்லருக்கு உரியதாயிருந்த இல்லத்தை அடைந்து, அங்கிருந்த நீர்த்தொட்டியில் நீராடினார். உடன் சென்ற டேவிட் ஷெர்மன் அக்காட்சியைப் படமெடுத்தார். முகாமின் சேறு படிந்த அம்மையாரின் காலணிகள் தொட்டியின் முன் கிடப்பதை அப்படத்தில் காணலாம். அதே நாளில்தான் பெர்லினில் ஹிட்லர் தன் உயிரை மாய்த்துக் கொண்டான்.

இத்தகைய அம்மையார் போருக்குப் பின் ஃபார்லீஸ் இல்லத்தில் குடிபுகுந்தார். பிக்காஸோ, மான் ரே, மாக்ஸ் எர்ன்ஸ்ட், மிரோ முதலிய ஓவிய மேதைகள் விருந்தினராக அங்கு வந்தனர். உணவுக் கூடத்தின் கணப்பைச் சுற்றி ரோலண்ட் தம் கையால் வண்ண ஓவியம் தீட்டினார். சமையலறை அடுப்பின் பின்புறச் சுவரில் பிக்காஸோ வரைந்த ஓடு ஒன்று பதிக்கப்பட்டது. அம்மையாரும் காமிராவை மெல்ல மெல்லத் துறந்து, சமையற் கலையில் மனத்தைச் செலுத்தினார். 1966ஆம் ஆண்டில் ரோலண்டுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

வெளியில் இவ்வளவு சிறப்பு இருந்தும், அம்மையாரின் உள்ளத்தில் அமைதி இல்லை. போரில் கண்ட கொடுமைகள் அவரை விடாது வருத்தின. மதுவிலும் மனச்சோர்விலும் பல ஆண்டுகள் உழன்றார். இன்றைய மருத்துவர்கள் இத்தகைய துன்பத்துக்குப் பெயர் வைத்துள்ளனர். அன்றோ ஆறுதல் கூறுவாரும் அரிது. தம் போர்க்காலப் பணியைப் பற்றி எவரேனும் வினவினால், அது ஒன்றும் பெரிதன்று என்று பேச்சை மாற்றிவிடுவார். 1947ஆம் ஆண்டு பிறந்த அவருடைய ஒரே மைந்தர் ஆண்டனி கூடத் தம் தாயாரின் பெருமையை அறியாமலே வளர்ந்தார். 1977ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அம்மையார் அவ்வில்லத்திலேயே காலமானார்.

அதன் பின்னரே இல்லம் வாய் திறந்தது. தம் கணவரின் குழந்தைப் பருவப் படங்களைத் தேடி மருமகள் மேல்மாடத்துப் பரணில் ஏறினார். அவர் கையில் கிட்டியதோ செயின்ட் மாலோ முற்றுகையைப் பற்றி மாமியார் எழுதிய கட்டுரையின் கைப்படி! தொடர்ந்து தேட, அட்டைப் பெட்டிகளிலும் பயணப் பெட்டிகளிலும் புகைப்படங்கள், நெகட்டிவுகள், கடிதங்கள், குறிப்பேடுகள் என 60,000 அளவிலான பொருள்கள் வெளிப்பட்டன. தாயார் வாழ்ந்தபோது அறியாத தாயாரை, மைந்தர் அப்பெட்டிகளின் வாயிலாக அறிந்தார். 1985ஆம் ஆண்டில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். இன்று அவ்வில்லமே ஆவணக் காப்பகமாகவும் பொதுமக்கள் காணும் காட்சிக் கூடமாகவும் திகழ்கின்றது. 2023ஆம் ஆண்டில் அம்மையாரைப் பற்றிய திரைப்படமும் முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

நாள்தோறும் பேரேடுகளோடும் பழைய கோப்புகளோடும் வாழும் அலுவலக ஊழியராகிய நாம், தாளின் ஆயுள் எத்தகையது என்பதை அறிவோம். ஈரமும் கறையானும் ஒருபுறம். இடத்தை அடைக்கின்றது என்று எடைக்குப் போடும் அவசரம் மறுபுறம். இரண்டிற்கும் தப்பிய காகிதமே வரலாறாகின்றது. ஃபார்லீஸ் இல்லத்தார் வீடு ஒழிக்கும் வேகத்தில் அப்பெட்டிகளைத் தீயிலிட்டிருப்பின், கொடுமைக்கு நேர்நின்ற சாட்சி ஒன்று சாம்பலாகியிருக்கும். அச்சாட்சியத்துக்காக ஒரு பெண்மணி தம் வாழ்நாளின் அமைதியையே விலையாகக் கொடுத்திருந்தார் என்பதும் எவருக்கும் தெரியாமற் போயிருக்கும்.

பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்து, இங்கே இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழும் நம் குடும்பங்களிலும் இரும்புப் பெட்டிகள் உண்டு. பாட்டனார் முதன்முதலில் வண்டி ஏறிய கதையும், பட்டாளத்தில் பணிபுரிந்த பெரியவரின் படமும், சங்கத்தின் தொடக்க நாள் அழைப்பிதழும் அவற்றுள் உறங்கக் கூடும். பேசாத முதியோர் பேசத்தக்கது இல்லாதவர் அல்லர். அவர்கள் உள்ளபோதே அன்போடு கேட்போம்; பெட்டிகளை எறியுமுன் திறந்து பார்ப்போம். சங்கத்தின் நூலகத்தில் அவற்றுக்கென ஓர் அலமாரி ஒதுக்கப்படுமாயின், வருங்காலத்தோர் நம்மை வாழ்த்துவர்.