ஜிமெலிடின் விட்டுச்சென்ற கேள்வி

ஒற்றைத் தலைவலி வந்தவர்களின் சிறுநீரை 1961-இல் ஃபுளோரன்ஸ் நகரில் சோதித்துக்கொண்டிருந்தார் ஃபெடெரிகோ சிகுடேரி. செரோடோனின் என்ற வேதிப்பொருள் சிதைந்து உண்டாகும் கழிவு, வலி நேரத்தில் அதில் கூடியிருந்தது. 1967-இல் சிட்னியில் மைக்கேல் ஆண்டனி, ஜேம்ஸ் லான்ஸ் குழுவினர் இரத்தத்தைப் பார்த்தார்கள். வலியின்போது தட்டணுக்களில் செரோடோனின் சரிந்திருந்தது. மண்டையைப் பிளக்கும் வலிக்கு இதுதான் காரணமோ என்ற சந்தேகம் அங்கிருந்து வேர்பிடித்தது.

அதைச் சோதிக்க ஏற்ற மருந்து ஸ்வீடனில் உருவானது, அதுவும் மனச்சோர்வுக்காக. பிற்பாடு நோபல் பரிசு பெற்ற ஆர்விட் கார்ல்சன், அஸ்ட்ரா நிறுவன வேதியியலாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய ஜிமெலிடின்தான் அது. 1971-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகள் உடலில் பல இடங்களைத் தொடும். இதுவோ செரோடோனினை உயிரணு திரும்ப உறிஞ்சும் வழியை மட்டும் குறிவைத்து அடைத்தது.

தட்டணு செரோடோனினைத் தானே தயாரிப்பதில்லை. அதே வழியாகத்தான் இரத்தத்திலிருந்து உறிஞ்சிச் சேர்த்துக்கொள்கிறது. வழியை அடைத்தால் இருப்பு வற்றும். தட்டணுவில் குறைவதுதான் வலிக்குக் காரணமென்றால், இந்த மருந்தைச் சாப்பிடுகிறவருக்குத் தலைவலி ஓயவே கூடாது! ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு ஜிமெலிடின் கொடுத்து, இரத்தச் செரோடோனினை அளந்த பின்லாந்து ஆய்வு 1979-இல் வெளிவந்தது. என் பார்வையில், மனச்சோர்வு மருந்துகளின் வரலாற்றில் உரிய கவனம் பெறாத பக்கம் இது.

ஆய்வு நீளக் காலம் இடங்கொடுக்கவில்லை. 1982-இல் 'ஜெல்மிட்' என்ற பெயரில் கடைக்கு வந்த மாத்திரையைச் சாப்பிட்ட சிலருக்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் கண்டன. வேறு சிலரை கில்லன் பாரே நோய் தாக்கியது. நரம்புகள் பழுதாகிக் கைகால் செயலிழக்கச் செய்யும் நோய் அது. மனம் தேறுவதற்காக மருந்து சாப்பிட்டவர்கள் எழுந்து நடக்க முடியாமல் கிடந்ததை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. 1983 செப்டம்பரில் அஸ்ட்ரா மருந்தைத் திரும்பப் பெற்றது. அது சரியான முடிவு.

ஃபுளுவாக்ஸெடின் முதலான அதே வகை மருந்துகள் பிறகு உலகெங்கும் பரவின. ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதில் அவை வெற்று மாத்திரையைவிட மேலானவை என்பதற்குச் சான்றில்லை என்று, ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் அமைப்பு 2015-இல் சொன்னது. விடை வேறு பக்கத்தில் இருந்தது. கிளாக்ஸோவின் பேட்ரிக் ஹம்ஃப்ரி குழு, தலையின் இரத்தக் குழாய்களில் செரோடோனின் வந்து பொருந்தும் ஏற்பியைத் தேடிப்போனது. அந்தத் தேடலில் பிறந்த ஒற்றைத் தலைவலி மருந்தான சுமாட்ரிப்டான் 1991-இல் விற்பனைக்கு வந்தது. பல இடங்களைத் தொடும் அந்தப் பழைய அமிட்ரிப்டிலினை, ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க மருத்துவர்கள் இன்றும் குறைந்த அளவில் எழுதித் தருகிறார்கள்.