தீர்ப்பு இலவசம், பக்க எண்ணுக்குக் காசு

தனியா ஆபீஸ் போட்டிருக்கிற ஒரு வக்கீல் கேட்டிருந்தாங்க: "எஸ்.சி.சி. ஆன்லைன் வாங்கவா, மனுபத்ரா வாங்கவா, இல்ல இந்தியன் கானூனே போதுமா? நீங்க சாஃப்ட்வேர் ஆள்தானே, சொல்லுங்க."

நான் வக்கீல் இல்லை. ஆனா இந்தக் கேள்வியைக் கொஞ்சம் தோண்டினால் அடியில் ஒரு பழைய சண்டை இருக்கு. நீதிபதி எழுதும் தீர்ப்பை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அப்புறம் எதுக்காக வருஷா வருஷம் சந்தா கட்டுறோம்? அந்தச் சண்டையின் கதைதான் இந்த எபிசோடு. ஆரம்பம் அமெரிக்காவில், ஏன்னா இந்த வியாபாரம் முதல்ல கம்ப்யூட்டருக்குள்ள போனது அங்கேதான்.

ஹென்றி வீட்டன் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிடும் பதவியில் இருந்தவர். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த ரிச்சர்ட் பீட்டர்ஸ், வீட்டனின் தொகுதிகளைச் சுருக்கி மலிவாகப் போட்டுவிட்டார். வீட்டன் கோர்ட்டுக்குப் போனார். வேடிக்கை என்னன்னா, நீதிபதிகள் தாங்கள் எழுதினது யாருக்குச் சொந்தம் என்று தாங்களே தீர்ப்பு சொல்ல வேண்டிய நிலை. 1834ல் சொன்னார்கள்: நாங்கள் எழுதும் தீர்ப்புகளுக்கு எந்தத் தொகுப்பாளரும் பதிப்புரிமை கேட்க முடியாது.

சரி, தீர்ப்பு பொதுச் சொத்து ஆயாச்சு. ஆனா அதைச் சுற்றி இருக்கிறவை?

1873ல் இல்லினாய் மாநிலத்தில் ஃப்ராங்க் ஷெப்பர்ட் என்பவர் பசை தடவின சீட்டுகளை விற்க ஆரம்பித்தார். வக்கீல் தன் புத்தகத்தில், ஒரு தீர்ப்பின் ஓரத்தில் அதை ஒட்டிக்கொள்ள வேண்டும். 'இந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்த இன்ன வழக்கில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்' என்ற தகவல் அதில் இருக்கும். சின்னச் சீட்டுதான். ஆனா பின்னால் ரத்தான தீர்ப்பை நம்பிக் கோர்ட்டில் எழுந்து நிற்கிற வக்கீலின் மானத்தை அது காப்பாற்றும். இன்றைக்கு ஆன்லைன் கருவிகளில் தீர்ப்பின் தலைப்புப் பக்கத்தில் சிவப்பு, மஞ்சள் குறி வருதே, அதோட பாட்டன் இந்தச் சீட்டுதான்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் மினசோட்டா மாநிலத்தில் ஜான் வெஸ்ட் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட ஆரம்பித்தார். அவரும் வக்கீல் இல்லை, புத்தகம் விற்றவர். அவருடைய கம்பெனி ஒவ்வொரு தீர்ப்புக்கும் மேலே அதன் சாரத்தை ஹெட்நோட்டாக எழுதி, அந்த ஹெட்நோட்டுகளைத் தலைப்பு வாரியாக எண் கொடுத்து அடுக்கியது. நம்ம பாஷையில் சொன்னா, ஒரு நாட்டின் மொத்தச் சட்டத்துக்கும் மனிதர்கள் கையால் டேக் போட்டார்கள். நாளடைவில் கோர்ட்டுகளே வெஸ்ட் தொகுதியின் பக்க எண்ணைக் குறிப்பிடச் சொல்லும் நிலை வந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வச்சுக்கோங்க.

1960களின் பின்பாதியில் ஒஹையோ மாநில வக்கீல் சங்கத்துக்கு ஓர் ஆசை. யாரோ டேக் போட்டுத் தரும் வரை காத்திருக்காமல், வக்கீலே தீர்ப்பின் எந்தச் சொல்லையும் நேரடியாகத் தேட வேண்டும். ஆங்கே டேட்டா கார்ப்பரேஷன் என்ற கம்பெனி விமானப்படைக்காக எழுதிவைத்திருந்த தேடல் மென்பொருளை எடுத்துச் சோதித்தார்கள். 1968ல் அந்தக் கம்பெனியை மீட் என்ற காகித நிறுவனம் வாங்கியது. மீடுக்கு இங்க்ஜெட் அச்சுத் தொழில்நுட்பம்தான் வேண்டியிருந்தது, சட்டத் தேடல் அதோடு சேர்ந்து வந்த உபரிச் சரக்கு. அந்த உபரிதான் 1973 ஏப்ரலில் லெக்சிஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. காகிதம் செய்கிற கம்பெனி காகிதப் புத்தகத்துக்கே போட்டியாக வந்தது!

வெஸ்ட் 1975ல் வெஸ்ட்லாவோடு பதிலடி கொடுத்தது. ஆனா முதல்ல அதில் முழுத் தீர்ப்பு கிடையாது, ஹெட்நோட்டுகள் மட்டும்தான். இன்னைக்குக் கேட்டா சிரிப்பு வரும். எனக்கென்னவோ அவங்க நம்பினதிலும் ஒரு நியாயம் இருந்ததாகப் படுது.

காரணம், 1985ல் டேவிட் பிளேர், மாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை. தகவல் தேடல் படிக்கிறவங்க யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. ஒரு விபத்து தொடர்பான பெரிய வழக்கு. சுமார் 40,000 ஆவணங்கள், அதாவது ஏறக்குறைய 3,50,000 பக்கங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டிருந்தன. சம்பந்தப்பட்ட ஆவணங்களில் முக்கால்வாசியாவது கிடைக்கணும் என்பது வக்கீல்களின் நிபந்தனை. தேடித் தேடி, கிடைத்தாச்சு என்று திருப்தியும் பட்டார்கள். ஆய்வாளர்கள் அளந்து பார்த்தால் வந்தது சராசரியாக 20 சதவீதம். 'விபத்து' என்று தேடினார்கள், ஆனால் மாட்டிக்கொள்ள வாய்ப்பிருந்த தரப்பு தன் கடிதங்களில் அந்தச் சொல்லையே எழுதவில்லை. 'துரதிர்ஷ்டவசமான நிலைமை', 'சிரமம்' என்று பூசி மெழுகியிருந்தது. அது வழக்கு ஆவணங்களைப் பற்றின ஆய்வு, தீர்ப்புகளைப் பற்றினது அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். தேடல் பெட்டி எதையாவது கொண்டுவந்து கொட்டிவிடும். எது வராமல் போனது என்பதை மட்டும் அது காட்டாது.

அதே 1985ல்தான் பக்க எண் சண்டையும் வெடித்தது. லெக்சிஸ் தன் திரையில், தீர்ப்பு வரிகளுக்கு நடுவே நட்சத்திரக் குறி போட்டு, இங்கே வெஸ்ட் தொகுதியின் இத்தனையாவது பக்கம் தொடங்குகிறது என்று காட்டப்போவதாக அறிவித்தது. வெஸ்ட் வழக்குப் போட்டது. எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986ல் வெஸ்ட் பக்கம் சாய்ந்தது. யோசிச்சுப் பாருங்க: தீர்ப்பு பொதுச் சொத்து, ஆனா அதைக் கோர்ட்டில் சுட்டிக்காட்டத் தேவையான பக்க எண் ஒரு கம்பெனியின் சொத்து! 1988ல் இரண்டு கம்பெனிகளும் உரிமத் தொகை பேசி சமரசமானார்கள். அந்தத் தொகை கொடுக்க முடியாத சின்னக் கம்பெனிகள் வெளியே நின்றன. நியூயார்க் பகுதிக்கான இரண்டாவது வட்டார நீதிமன்றம் இதற்கு நேர் எதிராக, பக்க எண்ணுக்கு அப்படியொரு பாதுகாப்பு இல்லை என்று சொல்ல 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். இங்கே இதே சண்டை சிடி ராம் காலத்தில் வந்தது. லக்னோவின் ஈஸ்டர்ன் புக் கம்பெனி 1969லிருந்து வெளியிடும் எஸ்.சி.சி., உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு வக்கீல்கள் முதலில் கை நீட்டும் தொகுதிகளில் ஒன்று. இரண்டு நிறுவனங்கள் தீர்ப்புகளை சிடியில் போட்டு விற்க, எங்கள் உழைப்பை நகலெடுத்துவிட்டார்கள் என்று எஸ்.சி.சி. தரப்பு வழக்குத் தொடுத்தது. 2007 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பதிலில் ஒரு நல்ல கோடு இருக்கிறது. மூலத் தீர்ப்பை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம், 1957ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமே அதை அனுமதிக்கிறது. எழுத்துப் பிழை திருத்துவது, மேற்கோள்களைச் சரிபார்ப்பது போன்ற வேலைக்கெல்லாம் பதிப்புரிமை வராது. ஆனால் நீண்ட தீர்ப்பைப் பொருள் பார்த்துப் பத்தி பிரித்து எண்ணிடுவது, எந்த நீதிபதி உடன்பட்டார், எவர் மாறுபட்டார் என்று குறிப்பது, இவற்றுக்குச் சட்ட அறிவு வேண்டும், ஆகவே பாதுகாப்பு உண்டு. ஹெட்நோட்டையும் தொடக்கூடாது.

அதற்கு அடுத்த மாதம், 2008 ஜனவரியில், சுஷாந்த் சின்ஹா என்ற கம்ப்யூட்டர் ஆராய்ச்சி மாணவர் இந்தியன் கானூனைத் திறந்தார். சட்டப் பிரிவுகளையும் தீர்ப்புகளையும் ஒன்றோடொன்று இணைத்து, இலவசமாக. கோர்ட் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எவ்வளவு கட்ட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2023ல் உச்ச நீதிமன்றமும் தன் அதிகாரபூர்வத் தொகுதிகளை இணையத்தில் இலவசமாக்கி, எந்தப் பதிப்பாளரையும் சாராத பொதுவான சைட்டேஷன் எண்ணும் கொடுக்க ஆரம்பித்தது. ஆக, அமெரிக்காவில் பதிமூன்று வருஷம் இழுத்த பக்க எண் பிரச்சினை இங்கே பெரும்பாலும் கரைந்துவிட்டது. தீர்ப்புக்காகவோ அதன் எண்ணுக்காகவோ சந்தா கட்டத் தேவையில்லை.

அப்ப மீதி இருக்கிறது ஷெப்பர்டின் சீட்டும் வெஸ்டின் ஹெட்நோட்டும்தான். காசு கொடுத்தால் அதற்குத்தான் கொடுக்கணும். இன்னொன்றும் உண்டு: உங்க கோர்ட் அந்தக் கருவிக்குள்ள இருக்கா என்பது. 2023ல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய வழக்குகளை மனுவில் எழுதி 5,000 டாலர் அபராதம் வாங்கிய வக்கீல்களின் செய்தி எல்லாருக்கும் தெரியும். அதில் பலர் கவனிக்காத ஒரு விவரம் இருக்கு. அவங்க அலுவலகம் பெரும்பாலும் மாநிலக் கோர்ட்டு வழக்குகள் நடத்துகிற இடம், கட்டியிருந்த ஆராய்ச்சிச் சந்தாவில் கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்புகள் அரைகுறையாகத்தான் கிடைத்தன. வழக்கோ கூட்டாட்சி நீதிமன்றத்தில். செய்தது தப்புதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனா அந்தத் தப்புக்கு வழி விட்டது சந்தாவில் இருந்த ஓட்டை.

அதனால கேட்டவருக்கு என் பதில்: விலைப் பட்டியலைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிற நாட்களில் கரக் சிங் வழக்கை ஒவ்வொரு கருவியிலும் போட்டுப் பாருங்க. 1962ல் வந்த அந்தத் தீர்ப்பில் இரண்டு பக்கம் உண்டு. ராத்திரியில் போலீஸ் வீட்டுக்கு வந்து சோதிப்பது செல்லாது என்றது ஒன்று, அந்தரங்க உரிமை என்று ஒன்று இல்லை என்றது இன்னொன்று. 2017ல் புட்டசாமி வழக்கின் ஒன்பது நீதிபதிகள் இரண்டாவதை மட்டும்தான் ரத்து செய்தார்கள். எந்தக் குறியும் இல்லாமல் தீர்ப்பைக் காட்டினால் அந்தக் கருவியை நம்பி வாதத்துக்குப் போகாதீங்க. மொத்தமும் ரத்து என்று சிவப்புக் குறி காட்டினாலும் அதே கதைதான், உங்களுக்கு இன்னும் உதவக்கூடிய ஒரு தீர்ப்பை அது தூக்கிப் போட வைக்கும். எந்தப் பகுதி போச்சு, எது நிக்குதுன்னு சொல்லுதா என்று பாருங்க. பிறகு நீங்க தினமும் போய் நிற்கிற தீர்ப்பாயத்தின் போன மாத உத்தரவு ஒன்றைத் தேடுங்க. வரலைன்னா, அந்தக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியிடம் ஏன் வரலைன்னு கேளுங்க.