கேரக்டர் என்னும் சாட்சியம்: தொடர்கதை, தொலைக்காட்சி, நீதிமன்றம்

1

'கேரக்டர்' என்கிற சொல் தமிழில் இரண்டு இடங்களில் புழங்குகிறது. சினிமா, சீரியல் பேச்சில் அது கதாபாத்திரம். 'அந்த கேரக்டர் சூப்பர்' என்றால் புகழ்ச்சி. தெருப் பேச்சில் அது நடத்தை. 'அவ கேரக்டர் சரியில்ல' என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் விசாரணை தேவைப்படுவதில்லை. ஆணைப் பற்றி என்றால் 'அவன் கேரக்டரே அப்படித்தாங்க' என்று சமாதானமாகிவிடுகிறது. ஒரே சொல் ஒரு பாலுக்குத் தீர்ப்பாகவும் மறு பாலுக்கு மன்னிப்பாகவும் வேலை செய்கிறது.

குற்றமும் சட்டமும் கலந்த கதைகளை வாசிப்பவர்கள், பார்ப்பவர்கள் பாத்திரங்கள் 'வளர்கிறார்களா', 'மாறுகிறார்களா' என்று ஓயாமல் பேசுகிறார்கள். இந்தப் பேச்சை வெகுஜன ரசனை என்று ஒதுக்குவது நமது வழக்கம். ஆனால் ஒரு மனிதரின் குணம் அவர் செய்த செயலுக்குச் சாட்சியம் ஆகுமா என்ற கேள்வி இந்தப் பேச்சுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இதே கேள்விமீதுதான் காலனிய அரசு நம்மை ஆளும் சட்டங்களை எழுதியது. சீரியல் பேச்சையும் சட்ட வரலாற்றையும் ஒரே பிரதியாக வாசித்துப் பார்க்க இடமிருக்கிறது.

2

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் குற்ற வழக்கில் குணத்தைப் பற்றித் தெளிவாகவே பேசியது. குற்றம் சாட்டப்பட்டவர் நல்ல குணமுடையவர் என்பது வழக்குக்குப் பொருந்தும் செய்தி (பிரிவு 53). அவர் கெட்டவர் என்பது பொருந்தாது. அவர் தரப்பே நல்ல குணத்துக்குச் சாட்சி கொண்டுவந்தால்தான் எதிர்த்தரப்பு அதை எடுக்கலாம் (பிரிவு 54). நேற்று திருடியவன் என்பதற்காக இன்றைக்குக் காணாமல்போன ஆட்டுக்கு அவன் பொறுப்பாகிவிட முடியாது. ஆளைப் பார்க்காதே, செயலைப் பார் என்பது இதன் சாரம். 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியம் வந்துவிட்டபோதும் இந்தக் கோட்பாடு தொடர்கிறது.

அதற்கு முந்திய ஆண்டு, 1871இல், இதே அரசு குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி ஒருவர் எந்தச் செயலும் செய்ய வேண்டியதில்லை. அறிவிக்கப்பட்ட சாதியில் பிறந்தாலே போதும். பதிவேட்டில் பெயர், காவல் நிலையத்தில் ஆஜர், வெளியூர் போக அனுமதிச் சீட்டு. ஆளை மட்டும் பார், செயல் பின்னால் வரும் என்பது இதன் சாரம். இரண்டு சட்டங்களும் நிறைவேறிய காலத்தில் வைஸ்ராயின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர் ஒரே ஆள்: ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். இதை முரண்பாடு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. தனிமனிதனாக அங்கீகரிக்கப்பட்டவனுக்கு ஒரு சட்டம், கூட்டமாக மட்டும் பார்க்கப்பட்டவனுக்கு இன்னொரு சட்டம் என்கிற பங்கீடு அது.

இந்த ஸ்டீபனின் தம்பி மகள்தான் வர்ஜீனியா வுல்ஃப். நவீன நாவலின் பாத்திரப் படைப்பைப் பற்றி 1924இல் எழுதிய கட்டுரையில், மனித குணமே மாறிவிட்ட தருணம் என்று பாதி விளையாட்டாக 1910இன் கடைசியைக் குறித்தார் அவர். லண்டனில் குணம் இளகியதாகச் சொல்லப்பட்ட அதற்கு அடுத்த ஆண்டுதான், 1911இல், திருத்தப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. மதுரைப் பக்கத்து மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. பாத்திரம் மாறலாம் என்ற உரிமை யாருக்கு, மாறவே மாறாது என்ற முத்திரை யாருக்கு என்று கேட்டால் பதில் அங்கே கிடக்கிறது.

மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. மொழியிலிருந்து அது நீங்கவில்லை. 'கேடி' என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் சொல் காவல் துறைப் பதிவேட்டின் ஆங்கிலச் சுருக்கெழுத்திலிருந்து வந்தது. 'அறியப்பட்ட கொள்ளையன்' என்று பொருள். சீரியல் வில்லனைத் திட்டும் பாட்டி அந்தப் பதிவேட்டைத்தான் தனக்குத் தெரியாமலே புரட்டுகிறாள்.

பெண்கள் விஷயத்தில் சாட்சியச் சட்டமே தன் கோட்பாட்டைக் கைவிட்டிருந்தது. பாலியல் வன்முறை வழக்கில் புகார் கொடுத்த பெண் 'பொதுவாக ஒழுக்கங்கெட்டவள்' என்று காட்டி அவள் சாட்சியத்தைத் தகர்க்கலாம் என்றது பிரிவு 155இன் நான்காம் உட்பிரிவு. 2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம்தான் அதை நீக்கியது. அதாவது 130 ஆண்டுகள் 'அவ கேரக்டர் சரியில்ல' என்ற தெருப் பேச்சுக்கு நீதிமன்றத்துக்குள் நாற்காலி போடப்பட்டிருந்தது.

3

தமிழ் ரசிகர்கள் முதன்முதலாகப் பெரிய அளவில் தீர்ப்பு எழுதத் தொடங்கியது கதைப் பாத்திரத்துக்கு அல்ல, நடிகருக்கு. மஞ்சள் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். அந்தத் தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்டது. தாய் தந்தையரை உதாசீனம் செய்த ஒருவன் திருந்திப் பக்தனாவதுதான் அதன் கதை. திரையில் திருந்திய மனிதன், சிறையில் ஆயுள் தண்டனைக் கைதி. டிக்கெட் வாங்கியவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்த்தார்கள்.

உயர் நீதிமன்ற விசாரணையில் ஜூரிகள் பெரும்பான்மையாகக் 'குற்றவாளிகள்' என்றார்கள். பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, 1947இல் இருவரும் விடுதலையானார்கள். அதன்பின் நடந்ததுதான் நமக்கு முக்கியம். கிருஷ்ணன் திரும்பி வந்தார். 'நல்லதம்பி' (1949) எடுத்தார், 'மணமகள்' (1951) இயக்கினார். பாகவதர் திரும்பவில்லை. 'ராஜமுக்தி' (1948) முதலான படங்கள் தோற்றன. 1959இல் மறைந்தார். சினிமாவின் வசன முறை மாறிவிட்டது, பாட்டின் காலம் போய்விட்டது என்று காரணங்கள் சொல்வார்கள், அவை உண்மையே. கூடவே ஒன்று: கோமாளிக்கு ஜெயில் அனுபவம் இன்னொரு கதையாக ஒட்டிக்கொள்ளும், தெய்வீகப் பாத்திரத்துக்கு ஒட்டாது. விடுதலைத் தீர்ப்பு செயலுக்குத்தான் கிடைத்தது. பாத்திரத்துக்குக் கிடைக்கவில்லை.

நீதிமன்றத்தில் பொதுஜனத்துக்கு இருந்த அந்த நாற்காலியும் பிறகு போயிற்று. 1959இல் பம்பாயில் நானாவதியை ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்று குற்றமற்றவர் என்றதையும், மேல்நிலை நீதிமன்றங்கள் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை கொடுத்ததையும் எல்லோரும் சொல்வார்கள். அதுதான் கடைசி ஜூரி வழக்கு என்பது மட்டும் சரியல்ல. ஜூரி முறை அங்கங்கே தொடர்ந்து, 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் முற்றாக இடமிழந்தது. வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லும் ஆசை மட்டும் மக்களிடம் மிஞ்சியது. அது வாரப் பத்திரிகைக்குப் போனது.

4

1968இல் குமுதத்தில் சுஜாதாவின் 'நைலான் கயிறு' வந்தபோது வக்கீல் கணேஷ் அறிமுகமானார். பின்னால் ஜூனியர் வசந்த் வந்து சேர்ந்தார். இந்த இரட்டையர் தமிழில் சட்டமும் குற்றமும் கலந்த கதையின் இலக்கணமானார்கள். அமெரிக்காவில் கார்ட்னரின் பெர்ரி மேசன் 1957 முதல் 1966 வரை தொலைக்காட்சியில் செய்ததைத் தமிழில் தொடர்கதை செய்தது. ஒரு வித்தியாசம்: மேசன் கோர்ட்டில்தான் ஜெயிப்பார். கணேஷ் வக்கீலாக இருந்தும் கோர்ட் வாசலை மிதிப்பது குறைவு. குறுக்கு விசாரணை பங்களாக்களிலும் ஓட்டல் அறைகளிலும் நடக்கிறது.

கணேஷுக்கு வயதாகவில்லை. கல்யாணமும் ஆகவில்லை. வசந்தின் மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் எந்தக் கதையிலும் முழுசாகச் சொல்லப்படவில்லை. அந்த ஜோக் என்ன என்பது வாசகர்களின் தீராத கேள்வியாயிற்று. 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'யில் ஆயிரம் வருஷம் பின்னால் போனாலும் கணேச பட்டரும் வசந்தகுமாரனும் அதே ஜோடிதான். வளர்ச்சியே இல்லாத பாத்திரங்கள் என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். வாசகர்களுக்கு அது குறையாகப்படவில்லை. உலகம் குழம்பிக் கிடக்கையில் இரண்டு பேராவது மாறாமல் இருக்கிறார்களே என்ற நிம்மதி அவர்களுக்கு.

அந்த நிம்மதிக்கு விலை உண்டு. விசாரிப்பவன் மாறாதிருக்க வேண்டுமானால் அவன் எதனாலும் பாதிக்கப்படக் கூடாது. வசந்த் பெண்களைப் பார்க்கும் பார்வை கதைக்குக் கதை தொடர்ந்தது, வேடிக்கையாக. பெண் கட்சிக்காரர் முதலில் உடம்பாக வர்ணிக்கப்பட்டு, பிறகுதான் வழக்காக ஏற்கப்பட்டார். 155ஆம் பிரிவு நீதிமன்றத்தில் செய்ததை இந்தக் கதையாடல் சிரிக்கச் சிரிக்கச் செய்தது. சுஜாதாவின் மொழியில் கரைந்த நாம் (அந்த மொழியின் வேகம் யாருக்குத்தான் பிடிக்காது?) இதைக் கவனிக்காமல் தாண்டினோம்.

5

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் வந்தது, சன் டிவி 1993இல். வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கு போய் தினசரி மெகா தொடர் நிலைபெற்றதும் பாத்திரத்தின் இயல்பே மாறியது. 'கோலங்கள்' 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது, 1,533 பகுதிகள். ஆறு வருஷம் ஒரு பாத்திரத்தோடு இரவுச் சாப்பாடு சாப்பிட்டால் அது பாத்திரமாக மட்டும் இருக்காது. பெயரளவில் குடும்பக் கதை. உள்ளே இருந்தது சொத்து வழக்கு, விவாகரத்து, ஆள் கடத்தல், போலீஸ், கோர்ட். தமிழில் சட்டக் குற்றத் தொடர் தனி வகையாக வளராமல் குடும்பத் தொடருக்குள்ளேயே குடியிருந்தது.

கோவிலம்பாக்கத்தில் அந்த வருஷங்களில் கேட்ட பேச்சு இது. மேடவாக்கத்துக்கும் கீழ்க்கட்டளைக்கும் நடுவே, ஏரியும் கல்குவாரியும் வயலுமாக இருந்த கிராமம் மனைப்பிரிவுகளாகிக்கொண்டிருந்த காலம். ரேஷன் கடை வரிசையில், ஷேர் ஆட்டோவில், முதல் நாள் இரவுப் பகுதிக்கு விசாரணை நடக்கும்.

'ஆதி இனிமே திருந்திடுவான் பாரு.'

'அவனாவது திருந்துறதாவது! ரத்தத்துலயே இருக்கு.'

'அப்பன் ரெண்டு குடும்பம் வெச்சா புள்ள என்னத்துக்கு ஆகும்? அவனப் பத்தியும் யோசிச்சுப் பாக்கணும்ல.'

'அப்பன் பண்ணதுக்கு அபி மேல எதுக்கு ஆத்திரம்? அத மொதல்ல சொல்லு.'

நான்கு வரியில் நான்கு நீதிக் கோட்பாடுகள். சீர்திருத்தம், பரம்பரை, சூழல், செயலுக்கான பொறுப்பு. தண்டனையின் வரலாற்றை எழுதிய ஃபூக்கோ (1975), சிறை என்ற நிறுவனம் குற்றம் செய்தவனின் செயலை நகர்த்திவிட்டு அவன் வாழ்க்கை வரலாற்றை அந்த இடத்தில் வைக்கிறது என்று காட்டினார். செய்தவன் மறைந்து 'இயல்பிலேயே குற்றவாளி' என்ற தன்னிலை உருவாகிறது. ரேஷன் வரிசையில் அந்த இயந்திரம் வேலை செய்கிறது. கடைசிப் பெண்மணி அதை நிறுத்தவும் செய்கிறார். சட்டம் படிக்காமலே 54ஆம் பிரிவைச் சொல்கிறார் அவர்.

அதே இயக்குநர் திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' (2022–2024) தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார். அடக்கியாளும் ஆண் ஒருவனை ஊரே திட்டியது. நடித்தவர் போனபோது ஊரே அழுதது. பிறகு அந்தப் பாத்திரத்துக்கு வந்தவர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி. 'குற்றப் பரம்பரை' நாவலை எழுதியவர். இரண்டு நடிகர்களின் குணசேகரனும் ஒருவர்தானா என்று பார்வையாளர்கள் மாதக்கணக்கில் வாதாடினார்கள். முகம் மாறினாலும் பாத்திரம் அதுவேதானா என்பது தத்துவப் பாடம். நம் வீடுகளில் அது இரவு ஒன்பதரை மணிக்கு நடந்தது.

6

அண்மைக் காலத் தொடர்களும் படங்களும் இந்தக் கேள்வியை நேராக எடுக்கத் தொடங்கியுள்ளன. 'ஜெய் பீம்' (2021) சிறை வாசலில் தொடங்குகிறது. விடுதலையானவர்களிடம் சாதி கேட்கப்படுகிறது. சிலர் போகலாம், சிலர் புதுப் பொய் வழக்குகளுக்குப் பங்கிடப்படுகிறார்கள். ரத்து செய்யப்பட்ட சட்டம் அங்கே உயிரோடு நிற்கிறது. 'சுழல்' இரண்டாம் பாகத்தில் (2025) செல்லப்பா என்ற வக்கீல் கொல்லப்பட, எட்டுப் பெண்கள் தனித்தனியே நான்தான் செய்தேன் என்கிறார்கள். செயல் ஒன்று, சொந்தம் கொண்டாடுபவர்கள் எட்டு பேர்: குணத்தைக் கொண்டு செயலைக் கண்டுபிடிக்கும் பழைய முறை அங்கே திணறுகிறது. அதே ஆண்டின் 'சட்டமும் நீதியும்' தொடரில் மாறுவது குற்றவாளி அல்ல, வக்கீல். கோர்ட் வாசலில் மனு எழுதிக்கொடுத்துப் பிழைத்த ஒருவர் வழக்கு நடத்தப் புறப்படுகிறார். கணேஷின் மாறாத தன்மைக்கு ஐம்பது வருஷம் கழித்து வந்த மறுப்பு என்று இதை வாசிக்கலாம்.

கோவிலம்பாக்கம் இன்று வேறு ஊர். ரேடியல் சாலைக்கு இருபுறமும் அடுக்குமாடிகள். அவற்றைக் கட்டும் பீகார், ஒடிசா, வங்கத் தொழிலாளர்கள் தகரக் கொட்டகைகளில் இருக்கிறார்கள். தெருவில் ஒரு வீட்டின் பூட்டு உடைந்தால் முதலில் எழும் பேச்சு, 'அந்த ஷெட்டுல இருக்கறவனுங்களப் போய்க் கேளு.' ஆதி திருந்துவானா என்று ஆறு வருஷம் பொறுமையாக விசாரித்த அதே தெரு, கொட்டகைக்காரருக்கு ஆறு நிமிஷம் கூடத் தருவதில்லை. ஆதிக்கு அப்பா இருந்தார், பின்கதை இருந்தது, 1,533 பகுதிகள் இருந்தன. கொட்டகைக்காரர் பாத்திரமாகவே ஆகவில்லை, அவர் கூட்டம். 1871ஆம் சட்டமும் 1872ஆம் சட்டமும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கின்றன.

எனவே ரசிகர்களின் பாத்திரப் பேச்சைக் கேலி செய்வதில் பயனில்லை. அது ஜூரி இல்லாத நாட்டில் மிஞ்சியிருக்கும் ஜூரி. பரிவோடு கேட்கத் தெரிந்த ஜூரி. அந்தப் பரிவு யாருக்கு நீட்டப்படுகிறது, யாரிடம் நின்றுவிடுகிறது என்பதை எழுதிவைக்க வேண்டியது விமர்சனத்தின் வேலை. ரேஷன் வரிசையில் அந்தப் பெண்மணி கேட்ட கேள்வியைத் திரைக்கு வெளியேயும் கேட்கலாம். பூட்டு உடைந்த இரவில் அந்த ஆள் எங்கே இருந்தார்? அத மொதல்ல சொல்லு.