செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

சென்னையில் விலை குறைவுன்னு வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை கலசப்பாக்கம் கொண்டுவந்த பிறகு கோளாறு தெரிந்தால், ஸ்பேர் பார்ட்ஸ் செலவே கையைக் கடிக்கும். எதையெல்லாம் பார்க்கணும்?

இன்ஜின்: விற்பவர் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்கக் கூடாது. குளிர்ந்த இன்ஜினில்தான் தட்டல் சத்தமும் புகையும் வெளிப்படும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் அல்லது டர்போ தேய்ந்திருக்கலாம்.

மலைப்பாதை: போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை ஓட்டிப் பாருங்க. ஏற்றத்தில் ஆர்பிஎம் ஏறியும் வேகம் கூடலைன்னா கிளட்ச் வழுக்குது. இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் டிஸ்க்கைச் சோதிக்கணும்.

வெள்ளம்: 2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க. சேற்றுக் கறை இருந்தால் வேண்டாம்.

ஆவணம்: பரிவாஹன் தளத்தில் ஆர்சி விவரத்தைச் சரிபாருங்க. வங்கிக் கடன் முடிந்திருந்தால் என்ஓசியுடன் படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 அவசியம். 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும்.