மூன்று நிமிட ஊர்

1938 கோடையில் டேவிட் கேர்ட்ஸ் என்பவர் மனைவியுடனும் மூன்று நண்பர்களுடனும் நியூயோர்க்கிலிருந்து ஐரோப்பா பார்க்கப் புறப்பட்டார். கையில் 16 மி.மீ. கமரா. அதிலிட்ட கொடக்குரோம் வர்ணச்சுருள் சந்தைக்கு வந்து மூன்று வருடமே ஆகியிருந்தது. உல்லாசப் பயணிகள் எல்லோரும் எடுப்பதையே அவரும் எடுத்தார். இடையில், சிறுவயதில் விட்டுவந்த தன் ஊருக்கும் ஒரு நாள் போனார். வார்சோவுக்கு வடமேற்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றரில் உள்ள நாஷெல்ஸ்க். அங்கே எடுத்தது மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூட.

கமராவின் கண்ணில் பட வேண்டுமென்று பையன்கள் இடிபடுகிறார்கள். ஒருவனை மறைத்து இன்னொருவன் தலை நீட்டுகிறான். தொழுகைக்கூடத்திலிருந்து சனம் வெளியே வருகிறது. பின்னல் சடையுடன் ஒரு சிறுமி. வேறொன்றுமில்லை.

அந்த ஊரில் சுமார் மூவாயிரம் யூதர்கள் வாழ்ந்தனர். 1939 டிசம்பர் 3ஆம் திகதி ஜேர்மன் படையினர் அவர்களைத் திரட்டி ரயிலேற்றினர். போரின் பின் எஞ்சியவர்கள் நூறு பேருக்கும் குறைவு.

சுருளைப் பேரன் கிளென் கேர்ட்ஸ் 2009இல் புளோரிடாவில், பெற்றோர் வீட்டு அலுமாரியில் கண்டெடுத்தார். அது சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் அதைக் காப்பாற்றியது. 2011இல் ஒரு பெண் அந்தப் படத்தைப் பார்த்தபோது, சிரித்துக்கொண்டு நின்ற 13 வயதுப் பையனில் தன் தாத்தாவைக் கண்டாள். எண்பது வயது கடந்திருந்த அவர், தலையிலிருந்த தொப்பியை வைத்தே இன்னவன் இன்ன வகைப் பையன் என்று சொன்னாராம். எந்த ஆவணக் காப்பகத்தில் இது கிடைக்கும்? கிளென் 2014இல் புத்தகமாக எழுதினார். பியங்கா ஸ்டிக்டர் 2021இல் அந்த மூன்று நிமிடத்தையே ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட படமாக விரித்தார். அப்படியும் பெயர் கிடைத்த முகங்கள் மிகச் சிலவே.

எங்கள் வீட்டிலும் 1980களில் ஊரில் எடுத்த ஒரு கல்யாண வீடியோ கசெற் உண்டு. இத்தனை காலமும் பெண் மாப்பிள்ளையை மட்டும் பார்த்து, மிச்சத்தை ஓடவிட்டோம். போன மாதம் மாமியை இருத்தி, பின்னால் நிற்பவர்கள் ஆரெண்டு கேட்டேன். பந்தியில் இருந்த ஏழு பேரைச் சொன்னா. சோற்றுக் கடகம் தூக்கிக்கொண்டு குறுக்கே போகும் பெடியனை மூன்று தரம் நிற்பாட்டிப் பார்த்தா.

"முகம் தெரியுது. பேர் வருகுதில்லை."